நூற்றுப் பதினேழாவது கேள்வி

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கும் சீசன்தான். காலையில் அருவிக் குளியல், மதியம் மண்டபத்தில் சாப்பாடு, நடுவில் ஒருவருக்கொருவர் பொன்னாடை. அந்தப் பக்கமே போகாமல் இருந்தவள் நான். இந்த வருடம் சமூகசேவைக்காக எனக்குக் கேடயம் என்று சொல்லி அழைத்தார்கள். வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேடயத்து மேல் அத்தனை ஆசை, வேறென்ன.

படிக்கும்போதே எனக்கு அந்த வியாதி உண்டு. எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு துறையிலும் முதல் மதிப்பெண் எடுப்பவர்களைச் சேவைக் குழுவில் சேர்த்துவிடுவார்கள். செய்த வேலையை மணிக்கணக்காக ஒரு நோட்டில் எழுதி, பேராசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வருடக் கடைசியில் அதிக மணி நேரம் வைத்திருப்பவருக்குப் பதக்கம். அருவிக்கரையில் ஷாம்பு பாக்கெட் பொறுக்கினால் இரண்டு மணி நேரம். பார்வையில்லாதவர்களுக்குப் பரீட்சை எழுதிக் கொடுத்தால் முழு நாளும் கணக்கு. சும்மா விடுவேனா? முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன்.

அப்படித்தான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த அண்ணனைச் சந்தித்தேன். ஊர் புளியறை. சின்ன வயதிலேயே பார்வை போய்விட்டது. அரசு வேலைக்கான தேர்வு எழுத அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். பாடம் முழுவதையும் யாரையாவது வாசிக்கச் சொல்லி, செல்போனில் பதிந்து, கேட்டுக் கேட்டே படித்தவர்.

“ஒரு தடவ காதுல விழுந்துட்டா மறக்க மாட்டான்மா. எங்க தெருவுல பாதிப் பேரு போன் நம்பரை இவன்ட்டதான் வந்து கேக்காக” என்றார் அந்த அம்மா. “இந்த வேல கெடச்சுட்டா நான் நிம்மதியாக் கண்ண மூடிருவேன்.”

அவர் சிரித்தார். “எம்மா, இங்கன வந்து சாவப் பத்திப் பேசாத.”

எங்களுக்குத் தனி அறை. உட்கார்ந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: “தங்கச்சி, ஒவ்வொரு கேள்வியவும் ரெண்டு தடவ வாசி. நாலு விடையவும் வாசி. நான் சொல்லுதத மட்டும் கறுப்பாக்கு.”

“சரிண்ணே” என்றேன்.

இருநூறு கேள்விகள். நான் வாசிப்பேன், அவர் கண்ணிமைகள் துடிக்கும், பதில் வரும். வட்டத்தைக் கறுப்பாக்குவேன். ஆளைப் பார்த்து அசந்துபோனேன், பொய் சொல்லவில்லை. கூடவே சின்னதாக ஒரு எரிச்சலும் இருந்தது. அரசியல் அறிவியலில் கல்லூரிக்கே முதலாவது நான். இவரோ போனைக் காதில் வைத்தே படித்தவர்.

நூற்றுப் பதினேழாவது கேள்வி. நாற்பத்திரண்டாவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அடிப்படைக் கடமைகள் எத்தனை? இரண்டு தடவை வாசித்தேன்.

“பத்து” என்றார்.

நான் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. கடமைகள் பதினொன்று. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். யாரோ பழைய புத்தகத்தை வாசித்துக் கொடுத்து இவரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பாவம், ஒரு மதிப்பெண் வீணாகப் போகிறதே என்று பதறினேன். எனக்குத் தெரிந்ததை அவருக்குக் கொடுத்தால் என்ன குடியா முழுகிவிடும்? பதினொன்று என்ற வட்டத்தைக் கறுப்பாக்கினேன். புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

சாயங்காலம் சாரலில் நனைந்துகொண்டே ஹாஸ்டலுக்குப் போனேன். நோட்டில் கையெழுத்து வாங்கினேன்.

விடைகள் வெளிவந்தபோது நூற்றுப் பதினேழைத்தான் முதலில் தேடினேன். பத்து. அந்தத் திருத்தத்தில் சேர்ந்தவை பத்து; பதினொன்றாவது பல வருடம் கழித்து வந்தது. கேள்வியிலேயே திருத்தத்தின் எண் இருந்தது. என் வாயாலேயே இரண்டு தடவை வாசித்திருக்கிறேன், பாவி. அவர் காதால் கேட்டார். நான் கேட்கவில்லை.

பரீட்சையன்று ஒரு தடவை நான் சொன்ன நம்பரை ஞாபகம் வைத்து, அன்றைக்கே போன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரரை விடைகளை வாசிக்கச் சொல்லி, தான் சொன்ன இருநூறு பதிலையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டாராம். “நிச்சயமாத் தேறிருவேன் தங்கச்சி” என்றார். பின்னால் அவருடைய அம்மா அழுதுகொண்டே சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் “சந்தோசம்ண்ணே” என்றேன். ஒன்றும் ஆகிவிடாது, ஒரு மதிப்பெண்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடிவு வந்தது. ஒரே ஒரு மதிப்பெண்ணில் போய்விட்டது.

மறுபடியும் போன் செய்தார். “எங்கயோ தப்பா ஞாபகம் வச்சிருக்கேன் போல. எனக்கு இப்படி ஆனதே கெடையாது. ஒனக்குத்தான் வீண் சிரமம்” என்று என்னிடமே வருத்தப்பட்டார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் குழுவை விட்டுத் தூக்கிவிடுவார்கள். பதக்கம் போய்விடும். “விடுங்கண்ணே, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்று போனை வைத்துவிட்டேன். அந்த வருடப் பதக்கம் எனக்குத்தான். வீட்டில் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

ஒன்பது வருடம் கழித்து, போன மாதம், அந்த மண்டபத்து மேடையில் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். “மேடத்தால பயனடைஞ்ச ஒருத்தர இப்ப அழைக்கிறோம்” என்று அறிவித்தார்கள். சங்கத்துக்காரர் ஒருவர் தோளைப் பிடித்து அந்த அண்ணனைக் கூட்டிவந்தார். தலை நரைத்திருந்தது. கல்லூரியில் இருந்த என் பழைய சேவை நோட்டைப் பார்த்துத் தேடிப் பிடித்தார்களாம்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். “தங்கச்சி நல்லபடியாத்தான் எழுதிக் குடுத்துச்சு. எனக்குத்தான் ஞாபகம் மங்கிப்போச்சு. அதுக்குப் பெறவு பரிச்சயே எழுதல. இப்ப கேரளாப் பக்கம் ஆரியங்காவுல லாட்டரிச் சீட்டு விக்கேன். எங்க அம்மா போய்ச் சேந்துட்டா. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்.” கைதட்டினார்கள். அவருக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள்.

சாப்பாட்டு வேளையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இலையில் பரிமாறியதை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து தொட்டார்.

“அண்ணே, ஒரு கேள்விக்கு நீங்க சொன்னத நான் எழுதல” என்றேன்.

அவர் கை இலையில் அப்படியே நின்றது. “கடமைக் கேள்வியா?”

“ஆமா.”

“நூத்திப் பதினேழு. நான் பத்துன்னேன். நீ கொஞ்ச நேரம் எழுதாம இருந்த. எனக்குப் பேனாச் சத்தம் கேக்கல.” தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். “அப்ப எனக்கு ஞாபகம் போகலியா?”

“போகலண்ணே.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அடுப்ப அணைச்சேனான்னு நாலு தடவ எந்திரிச்சுப் போயி தொட்டுப் பாக்கேன் தங்கச்சி. கதவப் பூட்டிட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டுத் திரும்பி வாரேன். ஒன்பது வருசமா. எங்க அம்மா சாவுற அன்னைக்குக்கூட ‘மறந்துராத, மாத்திரைய எங்கன வச்சேன்னு மறந்துராத’ன்னுதான் சொன்னா.”

மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கவே கூசியது. அவர் எழுந்து, பொன்னாடையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். வெளியே சாரல் வலுத்திருந்தது. வாசல் வரைக்குமாவது கொண்டுவிடலாம் என்று அவர் கையைப் பிடித்தேன்.

மெதுவாக உருவிக்கொண்டார்.

“வேண்டாம். வழி எனக்கு ஞாபகம் இருக்கு.”