ஜெயித்தவரை அழைக்கப் போனோம்

சீனாவோடு சண்டை வந்த வருஷம் என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சுரங்கத்தில் ஃபிட்டர் அவர். செங்கொடிச் சங்கக் கூட்டத்தில், "சண்டை வேண்டாம், பேசித் தீர்க்கலாம்" என்று சொன்னாராம். உடனே சீனாக்காரன் ஆளாகிவிட்டார். சீனா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

அதே வாரம் அனல்மின் நிலையத்தில் ரஷ்ய இன்ஜினியர்களுக்கு மாலை போட்டார்கள். ஒரு சிவப்புக்கு மாலை, இன்னொரு சிவப்புக்கு விலங்கா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யாரோடு சிநேகம், யாரோடு பகை என்பதை எங்கேயோ பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். ஆள் இல்லாமல் போனது என் குவார்ட்டர்ஸில்.

கடலூர் ஜெயிலில் வைத்திருந்தார்கள். விசாரணை கிடையாது. எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது. அப்போதுதான் சங்கத் தேர்தல் வந்தது. கூட வேலை பார்த்தவர்கள், உள்ளே இருந்தவரையே செயலாளருக்கு நிறுத்தினார்கள். ஷிப்ட் முடிந்து, புழுதியும் வேர்வையுமாக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டு ஜெயிக்கவும் வைத்தார்கள்.

சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு எங்கள் பிளாக்குக்குக் குடிவந்திருந்த பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "அழுவாதக்கா. இத்தினி பேரு ஓட்டுப் போட்ட ஆள உள்ள வெச்சிக்கினு இருக்க முடியுமா? எம்.எல்.ஏ. ஜெயிச்சப்போ போலீசே சலாம் போடல? சாயங்காலம் பஸ்ஸுல வந்துடுவாரு."

எட்டாவது வரை படித்த நானும் நம்பினேன். நம்ப அவ்வளவு ஆசையாக இருந்தது. வீட்டைக் கழுவிவிட்டு, கருவாட்டுக் குழம்பு வைத்தேன். பிளாக் பெண்கள் சாமந்தி மாலை கட்டினார்கள். எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம்.

கடலூர் பஸ் ஒவ்வொன்றாக வந்தது. யார் யாரோ இறங்கினார்கள்.

அங்கே நின்றிருந்த இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர், "மாலை யாருக்கும்மா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி பெருமையாகச் சொன்னாள். கேலியாகச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அது வேற, இது வேறங்க. வீட்டுக்குப் போங்க" என்றார்.

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் விட்டார்கள். மெலிந்துபோய் வந்தார். கூட்டத்துக்கு யாராவது கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

அடுத்த பொதுத்தேர்தலன்று நான் புடவை மாற்றிக்கொண்டு அவருக்காக வாசலில் காத்திருந்தேன். அவர் பாயில் உட்கார்ந்தபடியே, "நீ போய்ட்டு வா" என்றார். போய்விட்டு வந்தேன். யாருக்குப் போட்டாய் என்றுகூடக் கேட்கவில்லை.