சாவடியில் நின்ற பச்சை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதோடு வாயும் சும்மா இருக்காது. இந்த இரண்டும் சேர்ந்து என்னை எத்தனையோ இடத்தில் அசிங்கப்படுத்தியிருக்கின்றன. அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டேன். இந்த ஒன்றை மட்டும் முடியவில்லை.

திருச்சானூர் போகிற சாலையில் தகரக் கொட்டகை போட்டு கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் தமிழ், கொட்டகையில் தெலுங்கு, கலர் பெயர்கள் மட்டும் இங்கிலீஷ். என் சிநேகிதன் சித்தூரில் டிங்கர். நசுங்கின காரைத் தட்டி நேராக்குவது அவன் வேலை, அதன்மேல் பெயின்ட் அடிப்பது என் வேலை. இரண்டு பேருக்கும் சொந்த ஊர், வீட்டுக்கு வீடு தறி ஓடுகிற நகரி. தறிச் சத்தத்திலிருந்து தப்பித்து சுத்தியல் சத்தத்தில் மாட்டிக்கொண்டான் என்று அவனைக் கிண்டல் செய்வேன்.

ஒரு முறை, திருமலைக்கு வந்த யாரோ பெரிய மனிதரின் வெளிநாட்டுக் கார் மலைப்பாதைச் சுவரில் உரசிக்கொண்டு எங்களிடம் வந்தது. அது மாதிரிப் பச்சையை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நிழலில் நிறுத்தினால் கருப்பு. வெயிலுக்குத் தள்ளினால் அடியிலிருந்து பச்சை எழும்பி வரும், வளைவுகளில் லேசாக ஊதா ஓடும். அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அந்தக் காரை வெயிலுக்கும் நிழலுக்குமாகத் தள்ளிக்கொண்டே இருந்தான். நமக்கென்று ஒரு கார் செய்து இதே கலரை அடிக்க வேண்டும் என்றான். முதலில் உன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிடா என்றேன்.

ஆனால் அவன் செய்துவிட்டான். காளஹஸ்தியில் யாரோ தோப்பில் போட்டுவிட்ட பழைய அம்பாசிடரை இழுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இரண்டு வருஷம் வேலை செய்தான். கூரையை அறுத்து நாலு அங்குலம் இறக்கினான். பின்கதவுகள் இரண்டையும் பற்றவைத்து மூடி, கோடு தெரியாமல் இழைத்து, இரண்டு கதவுக் காராக மாற்றினான். அம்பாசிடர் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள், அப்படி ஒரு வேலை.

இந்த இரண்டு வருஷத்தில்தான் அவன் கண் போய்க்கொண்டிருந்தது. சர்க்கரை. கண்ணுக்குள் ரத்தம் கசிந்து வலது கண் முழுசாகப் போகிறவரை எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் இருந்தது. நல்ல டிங்கர் தகட்டைக் கண்ணால் பார்க்கமாட்டான். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவான். நூல் அளவு பள்ளம்கூட உள்ளங்கைக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவன் கண்ணை மூடிக்கொண்டு காரைத் தடவிக்கொண்டிருந்ததை நாங்கள் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

திருப்பதியில் டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண்ணிலும் கசிவு ஆரம்பித்துவிட்டது, ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும், செய்தாலும் பார்வை நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்று சொல்லி, பத்து நாள் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். வெளியே வந்து அவன் மனைவி மருந்து வாங்கப் போனபோது என்னிடம் அவன் கேட்டது ஒன்றுதான்.

"ஆப்ரேசனுக்கு முன்னாடி அந்தக் கலர்ல ஒரு தபா காரப் பாத்துடணும்டா. அப்பறம் இன்னா ஆனா ஆவட்டும்."

அந்தப் பெயின்டை இரண்டு மாசம் முன்னாலேயே சென்னையில் ஒரு கடையில் சொல்லி வைத்திருந்தோம். கப்பலில் வரவேண்டும். நல்ல காலம், அந்த வாரமே வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையிலேயே பைக்கை எடுத்தேன். பெயின்டைக் கரைக்கிற தின்னர் வாசனை அடித்தால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். கடையில் பெயின்ட் டின்கள் சீலோடு கிடைத்தன. அதை இறுக்குகிற ஹார்டனர் பெரிய கேனில்தான் வரும், எங்களுக்கு வேண்டியதோ ஒரு லிட்டருக்கும் குறைவு. அதனால் கொட்டகையிலிருந்து நாலு காலி பிராந்தி பாட்டில்களை எடுத்துப் போயிருந்தேன். குவார்ட்டர் பாட்டில். இது பெயின்டர்கள் எல்லோரும் செய்கிறதுதான். ஹார்டனருக்குக் காற்று பட்டால் கெட்டுவிடும், அந்த பாட்டில் மூடி அளவுக்கு இறுகுகிற மூடி வேறு எதிலும் கிடையாது. லேபிளைக் கிழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது ஆந்திராவுக்குள் வெளிமாநில மதுச் சரக்கு வராமல் எல்லையில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திச் சோதித்த காலம். இது ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். என் கையிலிருப்பது பெயின்ட் சாமான், நான் ஏன் பயப்பட வேண்டும் என்கிற புத்தி.

சோதனைச் சாவடியில் என் கோணி மூட்டையை அவிழ்த்த போலீஸ்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். உள்ளே லேசான மஞ்சள். "ஏந்தி இதி?" என்று கேட்டார். பெயின்ட் மருந்து என்றேன். பாட்டிலில் பிராந்தி என்று போட்டிருக்கிறதே என்றார். நியாயமான கேள்விதான். பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நூறு கிலோமீட்டர் வெயிலில் வந்திருந்தேன், மண்டைக்குள் அந்தப் பத்து நாள் ஓடிக்கொண்டிருந்தது. குடித்துப் பாருங்கள் சார், தெரிந்துவிடும் என்று தெலுங்கில் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஹார்டனரை மோந்தால் சும்மா விடுமா? கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, இருமலில் குனிந்துவிட்டார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. கள்ளச் சரக்கு கலக்கிற மருந்தாக இருக்கும் என்று எழுதினார்கள். பாட்டில், தின்னர், பெயின்ட் டின் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பரிசோதனை ரிப்போர்ட் வந்த பிறகுதான் கொடுக்க முடியும் என்றார்கள்.

பக்கத்தில் இருந்த வயசான கான்ஸ்டபிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பேசாமல் நின்றிருந்தால் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு டின்னைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா என்றார். கடலெல்லாம் தாண்டி வந்த பெயின்ட் என் வாயால் எல்லையில் நின்றுவிட்டது.

சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். அடுத்தது வர இரண்டு மாசம் ஆகும். நாலு நாள் சாவடிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்தேன், கெஞ்சினேன்கூட. ஒன்றும் நடக்கவில்லை. அவனிடம் சொல்லவும் வாய் வரவில்லை. எங்கே பேச வேண்டுமோ அங்கே என் வாய் வராது. அவன் போன் செய்யும்போதெல்லாம் பெயின்ட் வந்தாச்சு, அடித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

பிறகு திருப்பதிக் கடையிலேயே கரும்பச்சையும் கருப்பும், மினுமினுப்புக்குப் பேர்ல் பவுடரும் வாங்கிக் கலந்தேன். தகட்டில் அடித்து வெயிலில் வைத்துப் பார்த்து, மறுபடியும் கலந்து, மறுபடியும் அடித்து மூன்று நாள் போனது. நிழலில் ஏறத்தாழ அதே கலர். வெயிலில் செத்த பச்சை. எழும்பவே இல்லை. என் கண்ணுக்கு அந்த இரண்டு பச்சைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இருந்தாலும் என் கொட்டகைக்கு இழுத்துவந்திருந்த காருக்கு அதையே அடித்தேன். அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இப்போது நினைத்தாலும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் அவன் மனைவி அவனைக் கொட்டகைக்கு அழைத்துவந்தாள். காரை வெயிலுக்குத் தள்ளச் சொன்னான். தள்ளினேன். இடது பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு சுற்று வந்தான். பானெட் பக்கம் ரொம்ப நேரம் நின்றான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கூரையிலிருந்து டிக்கி வரைக்கும் தடவினான். அவன் தடவியதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. பார்வை இல்லை, கையால்தான் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். இத்தனை வருஷம் கூட வேலை செய்தவன் நான். கண் நன்றாக இருந்த காலத்திலும் அவன் அப்படித்தான் தடவுவான் என்பது எனக்கு அந்த நிமிஷம் நினைவுக்கு வரவில்லை. நல்லாக்கீதுடா என்றான். என் தோளில் ஒரு தட்டு தட்டினான். போய்விட்டார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை திரும்பவில்லை.

நாலு மாசம் கழித்து, பரிசோதனையில் சாராயம் இல்லை என்று வந்து, டின்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த டின்களைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. பைக்கில் கட்டிக்கொண்டு சித்தூர் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என் வண்டிச் சத்தத்தை வைத்தே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் காலடியில் உட்கார்ந்து, காருக்கு அடித்தது அந்தப் பெயின்ட் இல்லை என்று சொன்னேன். சாவடி, பாட்டில், நான் பேசின பேச்சு எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்டா" என்றான். "எடது கண்ணு அன்னிக்கி தெரிஞ்சிக்கினுதான் இருந்துச்சி. வெயில்ல வச்சியும் கலரு எழும்பல."

பிறகு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்தினேன். குற்றம் செய்தது நான், கத்துவதும் நான். உள்ளேயிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்தாள். நீ இருந்த இருப்பில் என்ன சொல்வது என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெயின்ட் வந்துவிட்டது, மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு அதே கலரை அடிக்கிறேன், பத்து நாளில் கொண்டுவந்து உன் வாசலில் நிறுத்துகிறேன் என்றேன். ஒரு டின்னை எடுத்து அவன் மடியில் வைத்தேன். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அடி. அடிச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றான். டின் மூடியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே சொன்னான்: "கண்ணு போனா போவட்டும், அந்தக் கலரு மனசுல கீது, அது போதும்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. இப்போ எவ்ளோ நெனச்சாலும் அது வரமாட்டேங்குது. கடைசியாப் பாத்தது நீ அடிச்சதுதானே, அதான் வருது."