துப்பாக்கிக்கு முன்னால் விரித்த கம்பளி

அட்டன் கடைவீதிக்குக் கத்தி தீட்டப் போகும்போதெல்லாம் அதைச் சாக்குத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறேன். இத்தனை காலம் ஆகியும் இந்த வழக்கம் எனக்குப் புதிதாகவே இருக்கிறது. முசிறிப் பக்கத்தில் எங்கள் ஊரில் அரிவாள் இல்லாத இடுப்பு ஏது? சந்தைக்குப் போகிறவனும் சரி, பெண் பார்க்கப் போகிறவனும் சரி, தோளில் துண்டு மாதிரி இடுப்பில் அரிவாள். இங்கே வந்த புதிதில் அதே எண்ணத்தில் கத்தியைத் தோளில் சாத்திக்கொண்டு கொல்லன் பட்டறைக்கு நடந்தேன். மளிகைக்கடைச் செட்டியார் எங்கள் சீமைக்காரர். கல்லாவை விட்டு எழுந்து வந்து, "ஏய்யா, யாரு மேல கோவம்? மூடிக்கிட்டு வாய்யா. பாக்கிறவன் என்ன நெனப்பான்?" என்றார். "கத்தின்னு நெனப்பான்" என்றேன். "நீ கத்தின்னு நெனச்சுத் தூக்கிட்டு வர்ற. அவன் உன்னையில்ல பாக்கிறான்" என்று சொல்லி, அவரே ஒரு சாக்கை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு அது விளங்கவில்லை. சென்ற வருஷந்தான் விளங்கியது.

எனக்கு அரிச்சுவடி தாண்டிய படிப்புத்தான். ஆனாலும் நடந்ததை ஊரிலுள்ள உறவின்முறையாருக்கும், என்னைப் போலக் கடல் தாண்டி வந்து இந்த மலைகளில் தங்கிவிட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று மனம் கிடந்து அடிக்கிறது. தெய்வம் செய்த நன்மையைச் சொல்லாமல் வைத்திருப்பது நன்றி கெட்ட காரியம்.

தேயிலை தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். செடியைத் தன் போக்கில் விட்டால் அது மரமாகிவிடும். அதனால் வருஷத்துக்கு ஒரு மலையாக, ஒவ்வொரு செடியையும் சில வருஷங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். வெட்டினால்தான் தளிர்க்கும். இதற்குக் கவ்வாத்து என்று பேர். ஆண்பிள்ளைகள் வேலை. மழை ஈரத்தில், மலைச்சரிவில் ஒரு கால் வழுக்கினால் செடிக்குப் போகிற வெட்டு நம் முழங்காலில் விழும். அப்படிக் காலை இழந்து ஊருக்குத் திரும்பிப் போனவர்கள் உண்டு. ஆகையால் வேலை தொடங்கும் நாள் காலையில் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை போடுவோம். சாமி என்றால் சிலை இல்லை. ஒரு கல், ஒரு சூலம், மேலே காட்டுமர நிழல். எல்லாருடைய கத்தியையும் வாழையிலையில் பரப்பி மஞ்சள் பூசுவோம். எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமத்தில் தோய்த்து அவற்றின் மேல் பிழிவோம். சேவல் அறுத்து அந்த இரத்தத்தையும் தொட்டு வைப்போம். பூசை வைக்கிறவன் நான். இதில் ஒரு கட்டு உண்டு. சாமி காலடியிலிருந்து எடுத்த கத்தி, முதல் கொப்பை வெட்டும்வரை மண்ணில் படக் கூடாது. பட்டால் அந்த வருஷம் அது ஆள் இரத்தம் கேட்கும் என்பது எங்கள் நம்பிக்கை.

எங்கள் பெரியதுரைக்கு இதெல்லாம் தெரியும். சேவலே அவர் கொடுப்பதுதான். ஆனால் சென்ற வருஷம் அவர் லீவில் இங்கிலீஷ் சீமைக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் தோட்டத்தைப் பார்த்தவர் புதிதாக வந்த சின்னதுரை. முகத்தில் மீசை கூடச் சரியாக முளைக்காத மனிதர். அந்த மாதங்களில் மலை முழுவதும் சங்கம், சங்கம் என்று ஒரே பேச்சு. பக்கத்துத் தோட்டத்தில் ஆட்கள் வேலைக்கு இறங்க மறுத்து, அங்கே லாரியில் போலீஸ் வந்து கூடாரம் போட்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகையால் பூசையைப் பற்றிச் சின்னதுரையிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வருஷா வருஷம் நடப்பதை யார் யாரிடம் சொல்வது? கணக்கப்பிள்ளையும் அன்று காலை ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், வேலையாக இருந்துவிட்டார்.

பூசை நடந்துகொண்டிருக்கும்போதே துரையின் மோட்டார் சைக்கிள் மேலே வந்தது. தப்பு அடிக்கிறார்கள். ஒருவருக்கு அருள் வந்து, சிவந்த கத்தியைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு ஆடுகிறார். துரை நின்றார், பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். என் மனைவி பொன்னாயியின் அண்ணன் வீரன், "என்னா மாப்புள, தொரைக்குக் கோழிக்கறி ஆகாதாட்டம் இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தோம். அவர் பங்களாவுக்குப் போய் டெலிபோனில் பேசியதும், கொழுந்தெடுக்கிற பெண்பிள்ளைகளைத் தவிர ஆண்கள் அத்தனை பேரும் கத்தியில் இரத்தம் பூசிச் சத்தியம் செய்கிறார்கள் என்று சொன்னதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுக் கத்திகளைக் கையில் ஏந்தி, தப்பு முன்னே போக, பொங்கல் பானையோடு பொன்னாயி பின்னே வர, வண்டிப்பாதை வழியாக வெட்டப் போகும் மலைக்கு வரிசையாக நடந்தோம். வளைவு திரும்பியதும் லாரி நின்றது. எங்களைக் கண்டதும் அதிலிருந்து குதித்தார்கள். இரண்டு வரிசையாகப் பாதையை அடைத்து நின்றார்கள். காக்கி உடுப்பு, முழங்கால்வரை சுற்றிய பட்டி, மார்புக்குக் குறுக்கே தோட்டா வார். இன்ஸ்பெக்டர் ஏதோ சொன்னார். எல்லாரும் ஒரே நேரத்தில் இடுப்பிலிருந்து நீளக் கத்தியை உருவித் துப்பாக்கி முனையில் மாட்டினார்கள். அந்த 'டக்' என்ற சத்தத்தில் தப்பு தானாக நின்றது.

வீரன் பெரிய சண்டைக் காலத்தில் பட்டாளத்தோடு கப்பலேறிப் பசராவுக்குப் போய் மூட்டை தூக்கியவன். அவன் என் காதருகே, "மாப்புள, இது போலீசு சாமான் இல்ல. பட்டாளத்து சாமான். இதுங்கள நான் அங்க பாத்திருக்கேன். யாரும் அசையாதீங்க" என்றான். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற வாய் அது. அன்றைக்கு அதில் கேலி இல்லை.

ஊரிலும் போலீசுக்குப் பயந்தவர்கள்தான் நாங்கள். சிவப்புத் தலைப்பாகையோடு ஒரே ஒரு சேவகர் வருவார். கையில் தடி. ஆடு களவு போனதென்று விசாரிக்க வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, மோரை வாங்கிக் குடித்துக்கொண்டே, "அடேய், உங்கப்பன் காலத்துலேருந்து இதே பொழப்பாடா உங்களுக்கு?" என்று பேர் சொல்லித் திட்டுவார். அவர் அடித்தாலும் இன்னார் அடித்தார் என்று சொல்லலாம். அவருக்கு மூக்கு உண்டு, மரு உண்டு, பல்வலி உண்டு. இங்கே பாதையில் நின்றவர்களுக்கு முகமே இல்லாதது போல இருந்தது. உடுப்பும் வாரும் இரும்புமே நிற்கின்றன, உள்ளே ஆள் இல்லை. சாமி கையில் சூலமும் அரிவாளும் இருக்கப் பிறந்தது முதல் பார்த்துக் கும்பிட்ட எனக்கு, அந்த இரும்பைக் கண்டுதான் பயம் வந்தது.

"கத்தி கீளே போடு!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

யாரும் போடவில்லை. ஊர் வாசகர்கள் இதைத் தைரியம் என்று நினைக்கக் கூடாது. போட முடியவில்லை. கீழே மண். எங்கள் மனம் முழுவதும் அந்த மண்ணில்தான் இருந்தது. முன்னால் நின்ற நான் கத்தியை இரண்டு கையாலும் ஏந்தியபடி, "ஐயா, கீழ போடக் கூடாதுங்க. சாமி கத்திங்க" என்றேன். சும்மா நின்றுகொண்டு சொல்வது மரியாதை இல்லையே என்று ஓர் அடி முன்னால் வைத்தும் விட்டேன். இன்ஸ்பெக்டர் கண்டதெல்லாம், ஒருவன் முடியாது என்று தலையாட்டிக்கொண்டு கத்தியோடு கிட்ட வருகிறான் என்பதுதான். அவர் கையைத் தூக்கினார். முன்வரிசை துப்பாக்கிகள் எங்கள் மார்புக்கு நேரே வந்தன. வரிசையின் கடைசியில் நின்றவனுடைய கத்தி முனை மட்டும் ஆடுவதைக் கண்டேன். அவனுக்கும் பயம். அதைப் பார்த்தபிறகு என் பயம் குறையவில்லை, கூடியது. பயந்தவன் கையில் அல்லவா அது இருக்கிறது.

அவர்களில் வயதான ராலாமி ஒருவர் இருந்தார். ராலாமி என்றால் இங்கே போலீஸ்காரருக்கு மரியாதைப் பேர். சிங்கள மனிதர். துப்பாக்கியைச் சற்றே தாழ்த்தி, "சேர், மேக தெய்யன்கே வெடக்" என்றார். இது தெய்வ காரியம் என்று பொருள். இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பாமலே ஏதோ வைதார். மறுபடியும், "போடு!" என்றார்.

அப்போது பின்னாலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு பொன்னாயி வந்தாள். பொங்கல் பானையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். நான், "போடி பின்னால" என்றேன். காதில் வாங்கவில்லை. குளிருக்குத் தலையில் போட்டிருந்த கம்பளியை உருவி, எங்களுக்கும் அந்தக் கத்தி முனைகளுக்கும் நடுவே பாதையில் விரித்தாள். ஓரம் மடங்கியிருந்ததைக் குனிந்து நிதானமாக நீவியும் விட்டாள், விருந்தாளிக்குப் பாய் போடுகிற மாதிரி.

"மண்ணுலதானங்க படக்கூடாது? இதுல வைங்க. அவுக கேட்டதும் ஆச்சு, சாமி சொன்னதும் ஆச்சு" என்றாள்.

பூசை வைக்கிற எனக்கு இது தோன்றவில்லை. முதலில் வீரன் வந்து தன் கத்தியைக் கண்ணில் ஒற்றிக் கம்பளியில் வைத்தான். பிறகு நான். பிறகு ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். கடைசிக் கத்தி வைத்தானதும் துப்பாக்கிகள் இறங்கின.

கத்திகளை எடுத்து லாரியில் போடச் சொல்லி உத்தரவாயிற்று. அந்த வயதான ராலாமிதான் வந்தார். கம்பளியைப் பூட்ஸால் மிதிக்காமல் சுற்றிப் போய், நாலு முனையையும் சேர்த்து முடிந்து, பாரம் தாங்காமல் முதுகு வளைந்தும் தரையில் இழுக்காமல் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்து, "பயம் வாணாம். நம்ம ஊர்லயும் தெய்யோ இருக்கு" என்றார். அவர் பேர் எனக்குத் தெரியாது. இன்றும் விளக்கேற்றும்போது அந்த மனிதருக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

எங்களை ஸ்டோர் வாசலில் உட்கார்த்தி வைத்தார்கள். கணக்கப்பிள்ளை ஓடிவந்து இங்கிலீஷில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். சின்னதுரையின் முகம் தக்காளிப்பழம் போல் ஆயிற்று. எங்கள் முன்னால் வந்து நின்று, "ஏன் முன்னாடி சொல்லல்ல?" என்று தமிழில் கேட்டார். வீரனுக்கு வாய் திரும்பியிருந்தது. "கேட்டிருந்தா சொல்லியிருப்போமுங்க தொரை. கறிச்சோறும் எடுத்து வச்சிருப்போம்" என்றான். துரை என்னவென்று கேட்க, கணக்கப்பிள்ளை முதல் பாதியை மட்டும் இங்கிலீஷில் சொன்னார். யாரையும் பிடித்துப் போகவில்லை. யாருக்கும் வேலைச் சீட்டுக் கிழியவில்லை. கம்பளி மூட்டையைக் கீழே வைக்காமல் ராலாமி ஸ்டோர் உத்தரத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார். மறுநாள் காலை அங்கிருந்தே எடுத்துப்போய் முதல் கொப்பை வெட்டினோம். அந்தக் கவ்வாத்து முடியும்வரை எவன் காலிலும் ஒரு கீறல் விழவில்லை.

வேறு தோட்டங்களில் எல்லாம் இப்படி முடியவில்லை என்று கேள்விப்படுகிறேன். அதனால்தான் எங்கள் மேல் விழுந்த கிருபை எத்தனை பெரியது என்று தெரிகிறது. துப்பாக்கி கொடுத்தவர்களை நான் குறை சொல்ல வரவில்லை, அது பெரியவர்கள் விஷயம். ஆனால் பட்டாளத்து உடுப்பை மாட்டிவிட்டால் எதிரே நிற்பவன் சத்துருவாகத்தான் தெரிவான் போலிருக்கிறது. நாங்கள் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகள் இன்றும் லாரிச் சத்தம் கேட்டால் காம்பராவுக்குள் ஓடிக் கதவைச் சாத்துகிறார்கள். அவர்களுக்கு அந்த ராலாமியின் முகத்தைச் சொல்லிச் சொல்லித்தான் பயம் தெளிவிக்கிறோம்.

இனி எனக்குள்ள சங்கடம் ஒன்று. துப்பாக்கி மார்புக்கு நேரே வந்தபோது, "சாமி, எங்களக் காப்பாத்து, தலைமுடி இறக்குறேன்" என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அன்று சாயங்காலம் பொன்னாயியிடம் இதைச் சொன்னேன். "எந்தச் சாமியக் கூப்புட்டீங்க?" என்று கேட்டாள். யோசித்துப் பார்க்கிறேன், பேர் சொல்லவே இல்லை. காவிரிக்கரையில் எங்கள் குலதெய்வம் கருப்பர் இருக்கிறார். இங்கே காலடியில் கத்தி வைத்து வணங்கிய கல் இருக்கிறது. "பேரு சொல்லாமப் போனா ரெண்டு பேருமில்ல கேப்பாங்க" என்றாள் அவள். "முன்பாதிய அங்க எறக்கு, பின்பாதிய இங்க எறக்கு. பாதி மொட்டைக்கு நான் காவல்" என்றான் வீரன்.

முடி என்றால் அது குலதெய்வத்துக்குத்தான் என்று கடைசியில் முடிவு செய்தோம். மலைச்சாமிக்கு இந்த வருஷம் என் கைச்சேவல் ஒன்று கூடுதல். ஊருக்குப் போகத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. கத்தரி படாமல் முடி வளர்ந்து இப்போது தோளில் விழுகிறது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கும்போது பனி இறங்கி அது முழுக்க நனைந்துவிடுகிறது. காவிரிக்கரைக்கு நேர்ந்துவிட்ட முடியை இந்த மலையின் பனி தினமும் நனைக்கிறது. மேலே ஏறி, செடிகளுக்கு நடுவே நின்று, இந்த மலையின் வெயிலிலேயே அதை உலர்த்திக்கொள்கிறேன்.