பெட்ரோல் டாங்கில் ஒரு நத்தைக்கல்

போன வாரம் ஜமாலின் தங்கை மகன் சென்னைக்கு வந்தபோது ஒரு மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். "மாமா உங்ககிட்ட பத்திரமா குடுக்கச் சொன்னாங்க" என்றான். திறந்தால் பஞ்சுக்கு நடுவே ஒரு கல். கொண்டைக்கடலையைவிடக் கொஞ்சம் பெரிசு. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "யாரோட கிட்னி கல்லு இது?" என்று கேட்டாள். மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் லேசாகப் பெட்ரோல் வாசனை அடித்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாருடைய கல் என்று அவளுக்குச் சொல்லி முடிக்க ராத்திரி சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அரியலூர். எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களில் இறங்கினால் நத்தையும் கிளிஞ்சலும் கல்லாகவே கிடக்கும். மற்ற ஊர்ப் பையன்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்த வயதில் நான் நத்தைக்கல் சேர்த்தேன். பெரிய ஆய்வாளன் ஆகப்போகிறேன் என்று நினைப்பு. கடைசியில் கெமிஸ்ட்ரி படித்து, பெரம்பலூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையின் லேபில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரத்து மூன்று வாக்கில் என்று நினைக்கிறேன். அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, மறுபடி பெரம்பலூரோடு சேர்த்திருந்த சமயம். கடிதத்தில் என்ன மாவட்டம் எழுதுவது என்று என் அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் சந்தேகம் வரும்.

ஜமால் என் கல்லூரித் தோழன். லப்பைக்குடிக்காட்டில் வீடு. வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடுவேன். ஜமாலைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் ஆலையில் சொல்வது. உண்மையில் அவன் அம்மா வைக்கும் தாளிச்சாவுக்காகத்தான் போனேன் என்பது அவனுக்கும் தெரியும்.

அந்த வீட்டின் பின்கட்டுக் கொட்டகையில் ஒரு பழைய அம்பாசிடர் நின்றது. மார்க் டூ. பால் வெள்ளை நிறம். ஜமாலின் அத்தா, அதாவது அப்பா, வளைகுடாவுக்குப் போவதற்கு முன் ஆசையாக வாங்கியது. லீவில் வரும்போதெல்லாம் அவரே துடைத்து, அவரே ஓட்டி, திரும்பிப் போகும்போது போர்வை போர்த்திவிட்டுப் போவாராம். ஆறு வருடமாக அவர் வரவில்லை. போர்வைமேல் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது அம்மா சொன்னார். "தம்பி, ஜமால் அத்தா மொத்தமா வந்துடுறாங்க. இருபத்தஞ்சு நாள் இருக்கு. ஏர்போர்ட்லேர்ந்து இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வரணும்."

ஜமால், "டாக்ஸி வச்சுக்கலாம்மா, இது உசுரோட இல்ல" என்றான்.

அம்மா அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "அவுங்களுக்குச் சக்கரை ஏறி ரெண்டு கண்ணும் போயிடுச்சு தம்பி. போன்ல எங்கிட்ட மட்டும் சொன்னாங்க. டாக்ஸில வந்தா யாரு வூட்டுக்கோ போற மாதிரி இருக்கும். இந்த வண்டின்னா தொட்டுப் பாத்தே நம்ம வூட்டுக்குப் போறோம்னு தெரிஞ்சுக்குவாங்க."

ஜமாலுக்கே அது அப்போதுதான் தெரியும். கையில் துண்டோடு அப்படியே நின்றான்.

பெரம்பலூர் டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தோம். பேட்டரி, டயர், கார்புரேட்டர் எல்லாம் தன்னால் ஆகும், டாங்க்தான் போய்விட்டது என்றார். கழற்றிக் காட்டினார். மீட்டர் மிதவையை எடுத்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே செம்மண் பூசிய சுவர்போல் முழுக்கத் துரு. தொட்டால் பொடி உதிர்ந்தது. இந்தப் பொடி குழாயில் போனால் வண்டி திருச்சி வழியில் பாடாலூர்கூடத் தாண்டாது என்றார். புது டாங்குக்கு எழுதிப்போட்டால் மாதக் கணக்கில் ஆகும். "பானெட்டுக்குள்ள ஒரு கேனைத் தொங்கவுட்டு ட்யூப் போட்டுறேன், ஓடிடும்" என்றார்.

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "குளுக்கோஸ் ஏத்திக்கிட்டா அவுங்கள அழைச்சுட்டு வர்றது? அதெல்லாம் வேணாம்" என்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "துருதானே? ரெண்டு நாள் வேலை. சின்ன கெமிஸ்ட்ரி" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் நான் என்னை மன்னிக்கவில்லை.

டாங்குக்குள் சங்கிலியோ போல்ட்டோ போட்டுக் குலுக்கினால் தடித்த துரு உதிர்ந்துவிடும், அதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார். எனக்குச் சங்கிலி பிடிக்கவில்லை. ஊரிலிருந்து என் நத்தைக்கல் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தேன். நல்ல உருண்டைக் கற்கள். எவ்வளவு பெரிய தியாகம் செய்கிறேன் என்று ஜமாலிடம் நாலு தடவை சொன்னேன். தண்ணீரும் கல்லும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டினோம். தெருவுக்கே கடகடவென்று கேட்டது. டீ டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் வந்தது. இரண்டாம் நாள் தோள்பட்டை இற்றுப்போனது. உள்ளே பார்த்தால் பொருக்கு போயிருந்தது, ஆனால் அடித்துரு அப்படியே.

இனிமேல் ஆசிட்தான் என்று முடிவு செய்தேன். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை வாங்கி, லேபில் அளப்பதுபோல் பயபக்தியோடு தண்ணீரில் கலந்து, கற்களை வெளியே எடுக்காமலேயே டாங்குக்குள் ஊற்றினேன். கல்லும் சேர்ந்து தேய்க்கட்டுமே என்று எண்ணம்.

உடனே பொங்கியது. சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் எப்படி வரும், அப்படி எல்லா ஓட்டை வழியாகவும் நுரை. அம்மா பதறிப்போய், "என்ன தம்பி இப்படிப் பொங்குது?" என்று கேட்டார்.

"ரியாக்ஷன்மா. நல்லா வேலை செய்யுது" என்றேன் பெருமையாக.

நன்றாகத்தான் வேலை செய்தது. துருவில் இல்லை, கல்லில். சுண்ணாம்புக்கல்லில் ஆசிட் ஊற்றினால் என்ன ஆகும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். அரியலூரில் பிறந்து, சுண்ணாம்புக்கல் தூசியையே தின்று வளர்ந்து, கெமிஸ்ட்ரியில் பட்டமும் வாங்கிய ஒருவன் அதை மறந்தான். நுரை அடங்குவதற்குள் ஆசிட் முழுவதையும் என் நத்தைகள் குடித்துத் தீர்த்துவிட்டன. கவிழ்த்துக் கொட்டினால் வரிகள் அழிந்து, சப்பிப் போட்ட மிட்டாய்போல் இளைத்த கற்கள் விழுந்தன. மறுநாள் காலையில் பார்த்தபோது, ஈரத்தில் கிடந்த டாங்குக்குள் சுத்தமான இடங்களிலும் புதுத் துரு பூத்திருந்தது. ஜமால் அந்தக் கற்களைப் பொறுக்கி என் பிஸ்கட் டின்னில் போட்டுக் கொடுத்தான். திட்டியிருக்கலாம். பதினெட்டு நாள்தான் மிச்சம் இருந்தது.

அந்த வாரம் ஆலையில் சோறு இறங்கவில்லை. ஜமால் வீட்டுப் பக்கம் போகவும் முகமில்லை. அப்போதுதான் மொலாசஸ் தொட்டியைச் சுத்தம் செய்தார்கள். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். தொட்டியின் அடியில், எப்போதோ யார் கையிலிருந்தோ விழுந்த ஒரு ஸ்பேனர் கிடைத்தது. கழுவியதும் பார்த்தேன். கடையிலிருந்து வாங்கிவந்த மாதிரி வெள்ளையாக இருந்தது, ஒரு பொட்டுத் துரு இல்லை. ஓடிப்போய் ஒரு துருப்பிடித்த ஆணியைத் தண்ணீர் கலந்த பாகில் ஊறப்போட்டேன். நான்காம் நாள் ஆணியும் வெளுத்தது. இந்தத் தடவை யாரிடமும் கெமிஸ்ட்ரி என்று வாயைத் திறக்கவில்லை.

லேபில் பரிசோதித்து முடித்த பாகைச் சாக்கடையில்தான் ஊற்றுவார்கள். அதைக் கேட்டு வாங்கிக் கேனில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஒரு பங்கு பாகு, ஒன்பது பங்கு தண்ணீர். டாங்கை நிரப்பி, பின்கட்டு அறையில் வைத்து, துணியால் மூடினோம். இனிப் பதினோரு நாள் தொடக்கூடாது.

நான் மறந்த இன்னொரு விஷயம், வெயில் காலத்தில் பாகுத் தண்ணீர் புளிக்கும் என்பது. மூன்றாம் நாளே சாராயம் ஊறல் போட்ட வாடை. ஐந்து வேளையும் தொழுகிற வீடு அது. பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் பள்ளிவாசலுக்குப் போகும் சந்து. ஜமால் வெளிறிப்போனான். கொட்டிவிடலாம் என்று நானே சொன்னேன்.

அம்மா, "ஒண்ணும் கொட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டு, காலையும் மாலையும் அந்த அறை வாசலில் சாம்பிராணி போட ஆரம்பித்தார். வீடே புகை மண்டலம். பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன மைமூனு, தெனம் தெனம் பாத்திஹாவா? எங்களுக்கெல்லாம் நார்சா கெடையாதா?" என்று கேட்டுவிட்டார். நார்சா என்றால், சாம்பிராணி போட்டுப் பாத்திஹா என்னும் பிரார்த்தனையை ஓதியதும் கொடுக்கும் இனிப்பு. பாத்திஹாவே ஓதாமல் அம்மா அன்று சாயங்காலம் தெருவுக்கெல்லாம் ரவா கேசரி கிளறிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கொடுத்த வீடுகளில் எல்லாம், "அவுங்க நல்லபடியா வந்து சேர துஆ செய்யுங்க" என்று கேட்டுக்கொண்டாராம். அது மட்டும் பொய்யில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை டாங்கைக் கவிழ்த்தோம். கறுப்பாகக் கொட்டியது. கழுவி, மறுபடி கழுவி, ஈரம் தங்கவிடாமல் மண்ணெண்ணெய் விட்டு அலசி, கொஞ்சம் என்ஜின் ஆயிலும் விட்டுச் சுழற்றி வெயிலில் வைத்தோம். ஜமால் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிக்க, டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே எல்லாச் சுவரும் எவர்சில்வர் குடம் மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

டாங்கைத் தூக்கி மாட்டும்போதுதான் அந்தச் சத்தம். உள்ளே ஒரு கல். நடுவில் இருக்கிற தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எப்படிக் கவிழ்த்தாலும் வெளியே வரவில்லை. ஒரு மத்தியானம் முழுக்கப் போராடினோம். "குழா வாயில வலை இருக்கு சார், அடைக்காது. கெடந்துட்டுப் போவுது" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். இரண்டு நாளில் விமானம். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வண்டி ஓடுதுல்ல தம்பி, அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

திருச்சி விமான நிலையத்தில் அத்தா ஒரு ஊழியரின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நான் நினைத்ததைவிட மெலிந்த மனிதர். ஜமால் கையைப் பிடித்து வண்டிக்கு அழைத்துவந்தான். எந்த வண்டி என்று யாரும் சொல்லவில்லை. அவர் விரல்கள் பானெட்டில் பட்டன. மூக்கு வரை தடவினார், பிறகு விளக்கை, பிறகு கதவுக் கைப்பிடியை. "நம்ம வண்டியா?" என்று கேட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஜமால் ஓட்ட, அத்தா முன்னால், அம்மாவும் நானும் பின்னால். முதல் திருப்பத்திலேயே கல் உருண்டது. கடகட.

"டாங்குல என்ன கெடக்கு?"

மறைக்க முடியாது. "கல்லுங்க. நான்தான் போட்டேன்" என்றேன்.

"எந்த ஊரு தம்பி நீங்க?"

"அரியலூருங்க."

"அதான்" என்று சொல்லி அவர் சிரித்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டு அம்மாவும் சிரித்துவிட்டார்.

பெரிய ரோட்டில் கல் அடங்கிக் கிடந்தது. வெகுநேரம் கழித்து ஒரு வளைவில் உருண்டது. அத்தா தலையை லேசாகத் திருப்பி, "பெரம்பலூர் வந்துடுச்சா?" என்று கேட்டார். சரியாக அப்போதுதான் ஜமால் பெரம்பலூரில் பெரிய ரோட்டை விட்டு ஊர்ப்பக்கம் திருப்பியிருந்தான். "வந்துடுச்சுங்க" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை திருச்சிக்கு, கண் டாக்டரிடமும் சர்க்கரை டாக்டரிடமும் போனார்கள். சில தடவை நானும் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் திருப்பத்தில் கல் உருளும், அவர் கேட்பார், அம்மா பதில் சொல்வார். டாங்கை அறுத்துக் கல்லை எடுத்துத் தருகிறேன் என்று மெக்கானிக் ஒரு முறை சொன்னபோது அம்மா விடவில்லை. "அது அவுங்களுக்கு வழி சொல்லுது. கெடக்கட்டும்" என்றார்.

மூன்று வருடம் அப்படி ஓடியது. அத்தா இறந்தார். ஜமாலும் வளைகுடாவுக்குப் போய்த் திரும்பினான். நான் ஆலையை விட்டேன். அம்மா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. போன மாதம் வண்டியைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கி, புது டாங்க் மாட்டிக்கொண்டாராம். பழைய டாங்கை அறுத்தபோது விழுந்ததைத்தான் ஜமால் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறான். டாங்குக்குள் அப்போதும் துரு இல்லையாம். அதைச் சொல்லத் தனியாகப் போன் செய்தான்.

கல்லை மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன். இழுக்கும்போதெல்லாம் உருள்கிறது. உருளும்போதெல்லாம் எனக்கு ஒரு பயணம்தான் ஞாபகம் வருகிறது. அத்தா இறந்து ஐந்தாறு மாதம் கழித்து, ஏதோ கையெழுத்து வேலையாகத் திருச்சி போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் இருக்கை காலி. அம்மா பின்னால் என் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்தேன். ஜமால் பெரிய ரோட்டை விட்டுத் திருப்பினான். கல் உருண்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வந்துடுச்சுங்க."