தூணில் ஒட்டிய பொட்டு

பேனரில் இருந்த நெற்றியில் பொட்டு இல்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். கேகாலையில் கடை வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது, எங்கள் இறப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் வழியில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பேனரில் இருப்பது யார் என்று புரிவதற்கு முன்பே, இந்த முகத்தில் ஏதோ குறைகிறதே என்று நினைத்தேன். பிறகுதான் ரஞ்சனி அக்காவின் பெயரை வாசித்தேன். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது தெரியும். ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும் என்று யாரும் நினைக்கவில்லை.

"அவசரத்துக்கு கெம்பஸ் கார்டுல இருந்த போட்டோதான் கெடைச்சுச்சு" என்றார் அக்காவின் அப்பா மாணிக்கம் மாமா. அது பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருடத்தில் எடுத்த படம்.

கெம்பஸில் அக்காவோடு படித்த நீங்கள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் போடுகிறீர்கள், பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளையாக நானும் எழுத வேண்டும் என்று அக்காவின் ஹொஸ்டல் அறைத்தோழி பஸீனா அக்கா வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். நான் சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவள். எனக்கு எழுத வராது என்று பதில் போட்டேன். அது பொய். எழுதினால் எதைச் சொல்ல வேண்டி வரும் என்று எனக்குத் தெரியும்.

பஸ் நிற்கும் எங்கள் ஹோல்டில் ஒரு சிமெந்துத் தூண் இருக்கிறது. டவுனுக்குப் போகும் பெண்கள் நாங்கள் சிலர் காலையில் ஒட்டுப் பொட்டைக் கழற்றி அதில் ஒட்டிவிட்டு பஸ் ஏறுவோம். பின்னேரம் இறங்கியதும் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். யாரும் எங்களைக் கழற்றச் சொன்னதில்லை. எல்லோரும் நன்றாகச் சிங்களம் பேசுவோம். பொட்டும் இல்லாவிட்டால் தமிழ் ஆட்கள் என்று தெரியாது, எந்தத் தோட்டம் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எனக்கு இதைக் காட்டித் தந்தவர் ரஞ்சனி அக்கா. முதல் வருடம் கெம்பஸுக்குப் புறப்பட்டபோது, "நல்லா அமுக்கி ஒட்டணும்டி. நான் லீவுல வர்றதுக்குள்ள தூணுக்கு யாரும் பூசை வச்சிறாம பாத்துக்க" என்று சிரித்தார். அந்த வருடம் முழுவதும் அவர் அங்கே வெறும் நெற்றியோடுதான் இருந்தார்.

மூன்றாம் வருட லீவில் பீலித் தண்ணீரில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா என்னிடம் ஒன்று சொன்னார். முதல் வருடம் மாமா பலாக்காயைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஹொஸ்டல் வாசலுக்கு வந்திருக்கிறார். சாரத்தில் இறப்பர் பால் கறை. கூட நின்ற பிள்ளைகள் யார் என்று கேட்டதும், "தோட்டத்து ஆளு ஒருத்தர்" என்று சொல்லிவிட்டார் அக்கா. மாமாவுக்கு அது கேட்டுவிட்டது. உடனே மாமாவே சாக்கை நீட்டி, "அப்பா குடுத்தனுப்பினாருங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

"என்னைக் காப்பாத்தத்தான்டி அப்பிடிச் சொன்னாரு. அவரு என்னைத் திட்டியிருந்தா நான் மாறியிருக்க மாட்டேன்" என்றார் அக்கா. சவர்க்கார நுரை காயும் வரை கையைக் கழுவவில்லை.

மாவனல்லை பஸீனா அக்காவைப் பற்றியும் அடிக்கடி சொல்வார். அறையில் எத்தனை பேர் இருந்தாலும் நேரம் வந்ததும் தொழுகைப் பாயை விரிப்பாராம். "எல்லாரும் பாக்குறாங்களே, ஒனக்கு வெக்கமா இல்லையா?" என்று அக்கா ஒருநாள் கேட்டாராம். "நான் அவங்களயா தொழுறேன்?" என்று பஸீனா அக்கா திருப்பிக் கேட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா கெம்பஸில் முதல் தடவையாகத் திருநீறு பூசியிருக்கிறார். "சாமி மேல பக்தி அதுக்கப்புறம்தான்டி வந்துச்சு. மொதல்ல வந்தது ரோசம்" என்பார்.

படித்து முடித்து பேங்க் வேலைக்குப் போவதாகத்தான் அக்கா இருந்தார். ஒரு லீவில் எங்கள் லயத்து அத்தை ஒருவருக்குத் துணையாக ஓர் அலுவலகத்துக்குப் போனார். அத்தை சிங்களத்தில் இருந்த படிவத்தில் கையெழுத்து வைக்கப் போனபோது, அக்கா அதை வாங்கித் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறார். பாதியிலேயே அத்தை பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். வீட்டுக்கு வரும் வழியில் அக்கா மொழிபெயர்ப்பாளர் ஆவதென்று முடிவு செய்துவிட்டார். "ஒளிஞ்சிக்கிறதுக்காகப் பழகின சிங்களம்டி. இனி அதுக்கு வேற வேலை குடுக்கணும்" என்றார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் செய்ததை இனி எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் துணிக்கடையில் எனக்கு லக்மாலி என்று பெயர். லெட்சுமியை நானேதான் அப்படி மாற்றிச் சொன்னேன். போன வருடம் ஒருநாள், பெரிய சிவப்புப் பொட்டோடு அக்கா கடைக்குள் வந்தார். கூட உங்களில் மூன்று பேர். என்னைக் கண்டதும், "அடியே லெட்சுமி, இங்கயா வேலை செய்யிற?" என்று கேட்டார். கடை முதலாளியம்மா நோனா காசுப் பெட்டிக்குப் பின்னால் இருந்து நிமிர்ந்து பார்த்தார். நான் சிங்களத்தில், "என்ன வேணும் மிஸ்?" என்றேன்.

அக்கா என் நெற்றியைப் பார்த்தார். அப்புறம் சிங்களத்திலேயே ஒரு ரவிக்கைத் துணி கேட்டார். நான் அளந்து கிழித்த துணி கோணலாகப் போனது. "பரவாயில்லை நங்கி" என்று, சிங்களத்தில் தங்கை என்றே கூப்பிட்டு வாங்கிக்கொண்டார். வாசலில் உங்களில் ஒருவர், "தெரிஞ்ச பிள்ளையா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"இல்லடி. வேற யாரோன்னு நெனச்சிட்டேன்" என்றார் அக்கா.

அன்று கடைக்கு வந்தவர்களே, அந்த லக்மாலி நான்தான். மாமா அக்காவுக்காகச் சொன்னது போலவே அக்காவும் எனக்காகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா லீவில் வந்தபோதெல்லாம் நான் பீலிக்கு வேறு நேரத்தில் போனேன். ஒருமுறை படிக்கட்டில் எதிரே வந்து, "வேலை எப்பிடிடி போவுது?" என்று மட்டும் கேட்டார். கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிட்டேன். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். சித்திரை வருஷப் பிறப்புக்கு வரும்போது கேட்போம் என்று தள்ளிப்போட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாளும் பொட்டைத் தூணில் ஒட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் பேனர் மழையில் நனைந்துகொண்டு தொங்கியது.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, வாசலில் அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய் மட்டும்தான். அதற்கு நான் தகுதியானவள் இல்லை. நேற்று இரண்டாம் தடவையாக பஸீனா அக்காவின் செய்தி வந்தது. எழுதித் தருகிறேன் என்று பதில் போட்டேன்.

இன்று காலை ஹோல்டில் என் கை பழக்கத்தில் நெற்றிக்குப் போனது. கையைக் கீழே இறக்கிக்கொண்டு, பொட்டோடே பஸ் ஏறினேன். கடையில் நோனா, "லக்மாலி" என்று கூப்பிட்டு நிமிர்ந்தவர், என் முகத்தையே பார்த்தார். என் பெயர் லெட்சுமி என்று சிங்களத்தில் சொன்னேன். சொல்லிவிட்டு, முதல்நாள் மடிக்காமல் விட்டிருந்த துணிகளை எடுத்து மடித்தேன்.