சைலன்சரை ஒட்டிப் போன கேபிள்

சேகர் அண்ணையின் காரில் கிளச் கேபிளைப் பிழையாகப் பூட்டியவன் நான். பிழை என்று தெரிந்தே பூட்டினேன்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஆனாலும் நீங்கள் இதை வாசிக்க வேண்டும்.

கொழும்பு வெள்ளவத்தையில், வீட்டு முற்றத்துத் தகரக் கொட்டிலில், அண்ணை தானே ஒரு கார் கட்டினார். பழைய காரின் அடிச்சட்டம். மேலே அவரே வார்த்த ஃபைபர் கூடு. கந்தோரில் வேலை முடிந்து வந்தால் அவருக்கு அதுதான் உலகம். மெக்கானிக் வேலைக்கு நான்.

கையில் இருந்த கேபிள் ஒரு முழம் கட்டை. கொதிக்கும் சைலன்சர் குழாயை விலத்திச் சுற்றிக் கொண்டுபோக எட்டாது. நீளமானது பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். அதற்கு மூன்று ஆமிச் செக்பொயின்ற் தாண்ட வேண்டும். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லை; சண்டைக் காலம், பிடிபட்டால் உள்ளேதான்.

"பஞ்சிகாவத்தை எண்டவுடனை உனக்குப் பயம் வந்திட்டுது, என்ன?" அண்ணை சிரித்தார். "விடு, நான் போய் வாங்கியாறன்."

"தேவையில்லை அண்ணை. இதே காணும்."

ஏன் அவரைப் போக விடவில்லை? அந்தச் சிரிப்பு சுட்டது... வேறு காரணம் இல்லை!

குழாயை ஒட்டியே கேபிளை விட்டேன். மறுநாள் கேட்டார்.

"சுத்தித்தானே விட்டனி, மணியம்?"

"ஓம்."

ஒரேயொரு சொல்...

மூன்று கிழமை கழித்து, காலி வீதிச் செக்பொயின்றில், பட்டப்பகலில், வரிசையில் நின்ற அவருடைய கார் திடீரென்று காவலுக்கு நின்ற சென்றிக்காரனை நோக்கிப் பாய்ந்தது. சுட்டார்கள். அண்ணை அங்கேயே முடிந்தார்.

பொலிசில் என்னைக் கூப்பிட்டுக் கார் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். "ஹொந்தய் சேர்" என்று சிங்களத்தில் சொன்னேன். நல்ல கார், ஒரு குறையும் இல்லை என்றேன்! தப்பி ஓடப் பார்த்தவர் என்று எழுதிக்கொண்டார்கள். "ஏதோ கொண்டு போயிருப்பார், இல்லாட்டி ஏன் பாயிறார்?" என்று ஒழுங்கையில் அயல்சனம் கதைத்தது. நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கார் திரும்பி வந்த அன்று கொட்டிலைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். கியர் முதலாவதில் இருந்தது. கேபிளின் உறை உருகி, உள்கம்பி அறுந்திருந்தது. கிளச்சை மிதித்தபடி நின்றிருக்கிறார்... காலடியில் கம்பி அறுந்து, கார் தானாகப் பாய்ந்திருக்கிறது...

அதைக் கழற்றி ஒளித்தேன். பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புதுக் கேபிள் வாங்கி வந்தேன். அன்றைக்குப் போக முடிந்தது! சுற்றி, விலத்தி, ஒழுங்காகப் பூட்டினேன்.

ஒவ்வொரு திவசத்துக்கும் அண்ணையின் மனைவி மலர் அக்கா என்னைக் கூப்பிடுவார். படைத்து முடிந்ததும் காரை ஸ்டார்ட் பண்ணச் சொல்வார். போன மாதமும் பண்ணினேன். கிளச் பட்டுப்போல் இறங்கியது.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார் தம்பி, காரிலை ஒரு பிழையுமில்லை. பிறகு ஏன் மனுசன் அப்பிடிச் செய்தது?"

நான் கிளச்சிலிருந்து காலை எடுக்கவில்லை.