அத்தையின் நெற்றிக்கு வந்த ஹம்மிங்பேர்ட்

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து இர்விங்கில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். ஈரோட்டிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். காலையில் கணவர் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போய்விட்டால் எனக்கும் அத்தைக்கும் போக்கிடம் கிடையாது. பேச்சு குழம்பில் தொடங்கிக் குழம்பிலேயே முடியும்.

அந்த செப்டம்பரில் கீழ்வீட்டு அமெரிக்க ஆன்ட்டி, மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தார். கட்டைவிரல் அளவே இருக்கும் ஹம்மிங்பேர்ட் பறவைகள் குளிருக்கு முன் மெக்சிகோ பக்கம் போகிற சமயமாம். வழியில் நின்று குடிக்குமாம். ஒரு கப் சர்க்கரைக்கு நாலு கப் தண்ணீர், வேறெதுவும் கூடாது என்றார்.

பால்கனியில் மாட்டினேன். முதல் பறவை வந்ததும் ஏதோ பெரிய வண்டு என்று அத்தை தோசைக் கரண்டியோடு ஓடினார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அலகைப் பார்த்த பிறகுதான் கரண்டி இறங்கியது. எங்கே போகிறது என்று கேட்டார். கடலைத் தாண்டி என்றேன்.

"இத்தனூண்டு குருவி கடலத் தாண்டுதா? அதுக்குப் போயி இந்த வெறுந்தண்ணியவா ஊத்துறே கண்ணு?"

நான் துணி துவைக்கப் போன நேரத்தில் குலாப் ஜாமூன் பதத்தில் பாகு காய்ச்சி, ஏலக்காயும் தட்டிப் போட்டு ஊற்றிவிட்டார். பறவைகள் அலகை விட்டுப் பார்த்துவிட்டு உடனே பறந்தன. டெக்சாஸ் எறும்புகள் மட்டும் குடும்பத்தோடு வந்தன. நான் பாட்டிலைக் கழுவி, ஆன்ட்டி சொன்ன அளவில் தண்ணியாகவே கலந்து ஊற்றினேன். சாயங்காலம் வரை அத்தை என்னோடு பேசவில்லை.

அப்புறம் சிவப்புக் கழுத்துள்ள ஆண் பறவை ஒன்று பாட்டிலைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டதுபோல் எல்லோரையும் விரட்டியது. அத்தை பால்கனியில் நாற்காலி போட்டு அதை அதட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அது திரும்பி நேரே அவர் முகத்துக்கு வந்தது. நெற்றியில் இருந்த பெரிய குங்குமப் பொட்டுக்கு எதிரே அந்தரத்தில் நின்று, பூவா இல்லையா என்று யோசித்தது. அத்தை அசையவில்லை.

"கண்ணு," என்றார் உதட்டை மட்டும் அசைத்து, "குத்திருமா?"

குத்தவில்லை. போய்விட்டது. கணவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை; நான் சாட்சி சொன்னேன். நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சில நாளில் அந்த ஆண் பறவை காணாமல் போனது. தான் திட்டியதால்தான் கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று அத்தைக்கு மனசு கேட்கவில்லை. மகள் வீட்டிலிருந்து திரும்பிய ஆன்ட்டியிடம் விசாரிக்கச் சொன்னார். ஆண்கள்தான் முதலில் கிளம்பும், பெட்டைகளும் குஞ்சுகளும் பின்னால் போகும் என்றார் ஆன்ட்டி.

"பொண்டாட்டி புள்ளைகள உட்டுப்போட்டா?"

நான் மொழிபெயர்த்தேன். ஆன்ட்டி உட்கார்ந்து, தன்னை விட்டுப் போன கணவரின் கதையை ஆரம்பித்தார். அரைமணி நேரம் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை வறண்டது. கடைசியில் நான் தேவைப்படவேயில்லை. இருவரும் ஒரே மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபரில் குளிர்காற்று வீச ஆரம்பித்த ஒரு காலை, எல்லாம் போனபின் குஞ்சு ஒன்று தனியாக வந்தது. நெடுநேரம் குடித்தது. அது கிளம்பும்வரை அத்தை எங்களை பால்கனிக் கதவைத் திறக்க விடவில்லை.

"பாத்துப் போ சாமி," என்றார் கண்ணாடிக்கு உள்ளிருந்தே.